ஏழு இடங்களில் நைனா

முனிரத்தினத்தின் கவிதையில் ஏழு இடங்களில் கைவைத்தவர்கள்தாம் போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அவர் மஞ்சள் காமாலையில் இறந்ததே அவர்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்துத்தான், இப்போது வெளியூரில் இருக்கும் எனக்குத் தெரிந்தது. நாகலாபுரத்தைச் சுற்றிப் பத்து ஊருக்குத் தபால் சேர்த்த மனிதர் அவர். அழைப்பிதழின் பின்பக்கம் அவர் கவிதையை அச்சிட்டிருந்தார்கள். ஏழு இடத்திலும் 'அப்பா'.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கவிதையும் தெரியும். அவருடைய தகப்பனார் கூலிக்குக் கிணறு வெட்டியவர். மண் சரிந்து உள்ளேயே போனார். மேலே நின்ற மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நிலக்காரர் மறுவாரம் வேறு ஆட்களை வைத்து வேறு இடத்தில் தோண்டினார். கவிதையில் நிலக்காரர் இல்லை. கூப்பிட்ட குரல் மட்டும்தான் இருக்கிறது. ஏழு முறை 'நைனா'. எங்கள் பக்கத்தில் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆந்திரம் தனி மாநிலமான மறுவருஷம் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் நடந்த கவியரங்கத்தில் அதை முதன்முதலாகக் கேட்டேன். முன்வரிசையில் கோயில் கைங்கரியக்காரர்கள், கடைசியில் மழைக்கு ஒதுங்கிய பூக்காரப் பெண்கள். அவர் படித்துவிட்டு இறங்கியதும் ஒரு பூக்காரி கிட்டே வந்து, "மீ நாயன போயினாரா?" என்றாள். உங்கள் தகப்பனார் போய்விட்டாரா என்று கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை வைத்தே அறிந்திருக்கிறாள்.

"அவுனம்மா" என்று தலையாட்டினார். பிறகு என்னிடம், "இன்னாப்பா, அத்தினி பேரு கை தட்னாங்க. கேக்க வேண்டியத இந்தம்மாதான் கேட்டுச்சு" என்றார்.

எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் நாங்கள் ஆந்திரப் பக்கமும் ஆன பிறகு, சென்னைக் கவியரங்கம் ஒன்றுக்கு அவரை அழைத்தார்கள். 'அண்டை மாநிலத்து விருந்தாளி' என்று தலைவர் அறிமுகப்படுத்தினார். முதல் நைனாவுக்கே கூட்டம் சிரித்தது. பட்டணத்தில் அது கேலியாகக் கூப்பிடும் வார்த்தை.

"தம்பி, தமிழில் அப்பா என்றே சொல்லலாமே" என்றார் தலைவர்.

"எங்க நைனாவ ஒரு நாளும் அப்பான்னு கூப்ட்டதில்லீங்க. இப்ப கூப்ட்டா, வேற யாரையோ கூப்புடறான்னு கம்முனு இருந்துடுவாரு."

அதற்கும் சிரித்தார்கள். நான் மேடைக்குக் கீழே நின்று கத்தினேன். முனிரத்தினம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "சண்ட போட்டுக்கினு இருந்தா ஊத்துக்கோட்டைல மாற வேண்டிய பஸ்ஸு பூடும்பா. அப்புறம் அங்க யார் ஊட்ல துன்னுவ?"

விழா மலர் வந்தபோது ஏழு நைனாவும் அப்பாவாகியிருந்தன. அவர் பத்துப் பிரதிகளை வரவழைத்து, ஒவ்வொன்றிலும் அடித்து எழுதினார். தபாலோடு தபாலாக வீடுவீடாகக் கொடுத்தார். இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"கூப்புடற பேரும் விலாசம்தாம்பா. தப்பா எழுதுனா ஆளுக்குப் போய்ச் சேராது."

மலர்க்குழுவுக்கும் எழுதினார். அடுத்த மலரில் திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள். அடுத்த மலரும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. திருத்தம் வரவில்லை. ஒவ்வொரு மலரையும் பிரித்து, திருத்தங்கள் போடும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பார்.

அவர் கொடுத்த ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. ஆறு இடத்தில் நீல மையில் நைனா. ஏழாவதில் மை தீர்ந்து, பேனா முள் காகிதத்தைக் கீறிய தடம் மட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு இரங்கல் கூட்டத்தில் எழுந்தேன். மேடையில் அதே தலைவர்.

"ஏழு எடத்துலயும் நைனான்னு திருத்திப் போடுங்க. எந்த மலர்ல போடுவீங்க, இப்பவே சொல்லுங்க."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மறைந்த கவிஞருக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.