கேள்வி கேட்கும் கடை

செம்பூர் ஸ்டேஷன் பக்கம், நாம் சொல்வதையெல்லாம் கிண்ணத்தில் கலந்து தரும் கடை. எனக்கு முன்னால் இஸ்திரி கலையாத சட்டையில், கக்கத்தில் தமிழ்ப் பேப்பரோடு ஒரு பெரியவர். சோறா நூடுல்ஸா, வெங்காயம் வேண்டுமா, எந்த சாஸ் என்று கவுண்டர் பெண் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்துப் பதில் சொன்னார். வரிசை முணுமுணுத்தது. என் முறை வந்ததும், "சப் டால் தோ" என்று எல்லாவற்றையும் போடச் சொல்லி முடித்துக்கொண்டேன்.

ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். சோறு ஆறிப்போயிருந்தது. சாஸ் தித்தித்தது.

"நல்லாவே இல்லையே சார்," என்றேன்.

"என்னிக்குமே நன்னா இருந்ததில்லை."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"மாட்டுங்கா மெஸ்ல கேக்காமலே பரிமாறிட்டுப் போயிடறான். இந்தப் பொண்ணுதான் என்ன வேணும்னு ஒவ்வொண்ணா கேக்கறா."

காலையிலிருந்து என்னையும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்ட ஒருத்திக்கும் நான் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை.