நீல நாற்காலி

மகளிர் தினக் கூட்டத்துக்காக, நான் பாடம் நடத்தும் கல்லூரியின் அரங்குக்குப் பேச்சாளர் வந்துவிட்டார், மாணவிகள் வந்துவிட்டார்கள், நான் கூட்டிவந்த அம்மாவும் முன்வரிசையில் இருக்கிறாள். அப்பா வரவில்லை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச இன்று அவர் முறை. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள். அந்தக் கிறீச்சில் எங்கள் ஊரான திருவாதவூரில் முன்பு நடந்த கூட்டம் நினைவுக்கு வந்தது.

நான் அப்போது சிறுவன். மதுரையிலிருந்து வக்கீலம்மா ஒருவர் பெண்களிடம் பேச வந்தார். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் தார்ப்பாயில். மைக்கைப் பிடித்தவர், "இம்புட்டு சேர் காலியாக் கெடக்கு, ஏறி உக்காருங்கத்தா. அப்பறம் பேசுறேன்" என்றார். யாரும் அசையவில்லை. நாற்று நட்ட களிமண் காயாத காலோடு அம்மா எழுந்துபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாப்ள, இனி ஒன் வீட்டு சேரும் போச்சு!" என்றார் பின்னாலிருந்த மாமா.

"ஒங்க பக்கத்துலயும் எடம் இருக்குண்ணே, மதினியக் கூப்புடுங்க" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து போய்விட்டார்.

வீட்டில் இருந்தது அப்பாவின் நாற்காலி ஒன்றுதான். மறுநாள் அம்மா அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்த அப்பா, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இனி வரமாட்டார் என்று நான் அழுதேன். இருட்டுகிற நேரத்தில், கேரியரில் நீல நாற்காலி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எம்புட்டு?" என்றாள் அம்மா.

"ஒனக்கெதுக்கு? உக்காரு."

பெண்ணியம் என்ற சொல்லைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது, அந்த நாற்காலிதான் என் முன்னால் வந்து நின்றது.

பேச்சு தொடங்குமுன் அம்மாவிடம் குனிந்து கேட்டேன். "அன்னைக்கு வக்கீலம்மா என்னம்மா பேசுனாங்க?"

"அதெல்லாம் மறந்துபோச்சுய்யா. சேரு வெலைய மட்டும் ஒங்கப்பா மறுவருசம் சொன்னாரு. நூத்தி எம்பது ரூவா."