பெரட்டுக்களம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டி வரலாறு சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியர், பாலை மரத்தடியில் நின்று ஒலிபெருக்கியை உயர்த்தினார். "மண்ணைப் பிரட்டிப் பயிர் செய்த இடம் இது. அதாலதான் பிரட்டுக்களம்." நாளைக்கு அதே விளக்கம் பெயர்ப்பலகையில் ஏறப்போகிறது.

அந்தச் சொல் காதில் விழ, வெட்டிய பச்சைக் காட்டின் வாசம் மூக்கில் ஏறிற்று. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த எங்களுக்குக் காடுதான் கிடைத்தது. தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். இங்கே விடிந்த முதல் நாளிலும், பழக்கதோஷத்தில் எல்லோரும் காடு வெட்டும் கத்தியோடு இந்த மரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

அம்மாதான் வெடித்துச் சிரித்தா. "தொரையும் இல்ல, கங்காணியும் இல்ல. யாரு வந்து கூப்புடுவான்னு நிக்கிறீங்க? நம்ம பேர நாமளே கூப்புடுவோம்!"

தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டு, "வந்துட்டேங்க தொரசானி!" என்று தானே பதிலும் சொன்னா. அந்தச் சிரிப்பில் கலைந்த வரிசை பிறகு ஒருநாளும் கூடவில்லை.

"சேர், பிரட்டு இல்லை, பெரட்டு," என்று தொடங்கி முழுக்கதையும் சொன்னேன்.

அவர் நெளிந்தார். "அது கூலிக்காரரின்ர சொல்லல்லோ அக்கா. ஊருக்கு மரியாதையே? புரட்டு எண்டு வாசிச்சுச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். இந்தக் காட்டை வெட்டினது கூலிக்காரர்தான். பெரட்டுக்களம் எண்டே எழுதுங்கோ. சிரிக்கிறவை என்னட்டை வந்து கேக்கட்டும். என்ர வீடு முன்னுக்குத்தான்."