சின்ன மாமா செத்த படம்

என் சின்ன மாமா ஒரு படத்தில் செத்திருக்கிறார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், துருப்பிடித்த தகரக் கொட்டகை ஒன்றில் ஹீரோ வரிசையாகச் சுட்டுத் தள்ளும் ரவுடிகளில் இடமிருந்து நான்காவது ஆள் அவர்தான். பாப்கார்னுக்காகக் குனிந்தீர்கள் என்றால் தவறவிட்டுவிடுவீர்கள்.

படத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கையைப் பறிகொடுத்த ஒரு நல்லவன், சட்டம் கைவிட்டதால் தானே துப்பாக்கியைத் தூக்கி ஊரைச் சுத்தம் செய்கிறான். சுத்தம் செய்வதற்கு ஓர் அழுக்கான ஊர் வேண்டுமே, அதற்கு மட்டும் சினிமாக்காரர்களுக்கு எங்கள் பக்கம் ஞாபகம் வந்துவிடும். விம்கோ நகரில் மூடிக் கிடந்த ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். சாகிற ஆட்களையும் அக்கம் பக்கத்துத் தெருக்களிலேயே பிடித்துக்கொண்டார்கள். சின்ன மாமா பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். உடை கொடுப்பவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரவுடிக்கு இதுவே சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார், கன்டெய்னர் யார்டில் வேலை. சினிமா வாய்ப்பு வந்த செய்தியை அவர் கொண்டுவந்த மாலையில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா வேசம்?" என்று கேட்டாள்.

"ஹீரோ சுடுவாரு. நான் வுழுந்து சாவணும்."

அம்மா களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் விடவில்லை.

"அடி வாங்குனாலும் வாங்கு, செத்தாலும் சாவு. துப்பாக்கிய மட்டும் கையால தொடாத. தொட்டுட்டு இந்த வூட்டுப் படி ஏறாத."

சாகலாம், ஆனால் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இது என்ன நியாயம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. என் மாமா துப்பாக்கியோடு சினிமாவில் வரப்போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அறிவித்துவிட்டிருந்தேன். அதற்குப் பிறகு என் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து எனக்குத் தாராளமாக இடம் விட்டு உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அந்த இடம் போய்விடுமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமாவோ அக்கா சொல்லுக்கு மறு சொல் பேசாமல் தலையை ஆட்டிவிட்டார்.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தவர் பெரிய மாமா, அம்மாவுக்கு அண்ணன். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார்கள். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் மெஷின் அவருடைய வலது கையில் கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் கல்யாணப் பந்தியில்கூட இடது கையால்தான் சாப்பிடுவாராம். எதிரே இருப்பவர்கள் முகம் சுளித்தால், அந்த இரண்டு விரலையும் தூக்கி ஆட்டி அவர்களுக்கு வணக்கம் வைப்பாராம். அம்மா அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். படத்தில் அந்தக் கை வேட்டி மடிப்புக்குள் மறைந்திருக்கும்.

படப்பிடிப்பு நடந்த அன்று பள்ளி விடுமுறை. தம்பிக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி நடந்தாள். கொட்டகைக்கு வெளியே கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவே கயிற்றுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.

உள்ளே பனியன் போட்ட ஒருவர் இரும்புப் பெட்டியைத் திறந்து துப்பாக்கிகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஹீரோவுக்குக் கொடுத்தது கனமான இரும்பு, தோட்டா இல்லாமல் சத்தமும் புகையும் மட்டும் வரும். வில்லனின் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சுடாத இரும்பு. ஓடி விழுகிறவர்களுக்கு ரப்பர், விழும்போது பல் உடையக் கூடாது என்பதற்காக. ஒருவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவன் கையிலிருந்த துப்பாக்கியின் எடையை வைத்தே சொல்லிவிடலாம்போல் இருந்தது. ரப்பர் என்று தெரிந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாமாவின் முறை வந்தபோது அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாம் நைனா. பைப்பு கியிப்பு இருந்தா குடு."

பனியன்காரர் சிரித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு தண்ணீர்க் குழாயை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் துப்பாக்கியோடு நிற்க, என் மாமா குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் மாதிரி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹீரோ சுட்டார். தகரக் கொட்டகை அதிர்ந்து, கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், அவள் நகம் தோளில் பதிந்து வலித்தது. மாமாவின் சட்டைக்குள் வைத்திருந்த சாயப் பை வெடித்துப் பொங்கல் சட்டை சிவந்தது. அவர் தள்ளாடி, குழாயை விட்டு, மல்லாந்து விழுந்தார். உண்மையாகச் சொன்னால் அத்தனை பேரிலும் அவர்தான் நன்றாகச் செத்தார். தெரு கை தட்டியது.

"அவ்ளோதானே? முடிஞ்சிச்சி இல்ல?" என்று அம்மா கயிற்றுக்காரரைக் கேட்டாள். அவர் பேசாமல் இருக்கும்படி கை காட்டினார்.

டைரக்டர் டிவியில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு உதவியாளரைக் கூப்பிட்டார்.

"வெறும் பைப் வெச்சிருக்கவனை ஹீரோ சுட்டா நல்லாவா இருக்கும்? ஜனங்க ஹீரோவைத்தான் திட்டுவாங்க. செத்தவன் கையில ஒரு துப்பாக்கியை வைங்க. அதை குளோசப்ல எடுத்துடலாம்."

உதவியாளர் குழாயைக் காலால் தள்ளிவிட்டு, ஒரு ரப்பர் துப்பாக்கியை எடுத்துப்போய் மாமாவின் வலது கையில் வைத்தார். விரல்களை மடக்கி அதைச் சுற்றிப் பிடிக்க வைத்தார். கண்ணைத் திறக்காதீர்கள், மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்ததால் மாமா அசையவில்லை. செத்தவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமா கையில் துப்பாக்கி, அதுவும் குளோசப்.

அப்போதுதான் தோளில் வலி நின்றிருப்பதைக் கவனித்தேன். அம்மா கயிற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் ஓடவில்லை, கத்தவும் இல்லை. நேராகப் போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு முந்தானையால் அவர் உள்ளங்கையைத் துடைத்தாள். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவன் எடுக்கல. நீ வெச்ச," என்றாள் உதவியாளரிடம். அப்புறம் கயிற்றுப் பக்கம் திரும்பினாள். "இத்தினி பேரு பாத்துகினுதானே இருந்தீங்க? சொல்லுங்க, யாரு வெச்சது?"

எங்கள் தெரு பதில் சொல்லவில்லை. சற்று முன் விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சினிமாக்காரர்கள் மட்டும்தான் பேசினார்கள், யார் இந்த அம்மாவை உள்ளே விட்டது என்று. மாமா அத்தனைக்கும் கண்ணைத் திறக்காமல் கிடந்தார். அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. சாயம் கண்ணில் பட்டு எரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டைரக்டர் அதிகம் கோபப்படவில்லை. கையை மட்டும் வேறு யாருக்காவது வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனைப் படுக்க வைத்து, அவர் கையில் துப்பாக்கியை வைத்து எடுத்தார்கள். மாமாவுக்கு வந்த குளோசப் அவருக்குப் போனது.

அம்மாவோடு நான் அன்று பேசவில்லை. தம்பியின் சினிமா வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். மாமா அவளை ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ரப்பர் துப்பாக்கிதானே மாமா, அதுக்குப் போய் இப்படியா?" என்று நானே ஆரம்பித்து வைத்தேன்.

"ரப்பரா இருந்தா இன்னா, இரும்பா இருந்தா இன்னா. கம்முனு துன்னு," என்றார்.

படம் வந்தபோது தெருவோடு போய்ப் பார்த்தோம். ஹீரோ எங்கள் ஆட்களைச் சுடச் சுட எங்கள் ஆட்களே விசிலடித்தார்கள். மாமா தள்ளாடி விழுந்தார். அடுத்த நொடி திரை முழுக்க அந்தக் கை வந்தது. ஐந்து விரலும் குறையில்லாமல் துப்பாக்கியைப் பற்றியிருந்த கை.

"அது அவன் கை இல்ல," என்றாள் அம்மா, சத்தமாக. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா, அது லைட்டு அண்ணன் கை," என்றேன் ரகசியமாக.

"அவன் கை இல்ல," என்று மறுபடியும் சொன்னாள். இருட்டில் அழுதுகொண்டிருந்தாள். தம்பியின் குளோசப்பைக் கெடுத்ததற்காக இப்போதாவது வருத்தப்படுகிறாளே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. பெரிய மனது பண்ணி அன்றைக்கு அவளை மன்னித்துவிட்டேன்.

பெரிய மாமாவுக்கு நெஞ்சு வலி எதுவும் வரவில்லை என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு சின்ன மாமாதான் சொன்னார். யாரோ செய்த ஒரு கொலைக்காக அவரை அழைத்துப்போன போலீஸ், மறுநாள் விடியற்காலை ரயில் பாதை ஓரத்தில் அவரைச் சுட்டது. அவர்தான் முதலில் சுட்டார், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் திருப்பிச் சுட்டோம் என்றார்கள். தெருவே போய்ப் பார்த்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. செத்துக் கிடந்தவர் கையில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது.

வலது கையில்.