ராகு காலத்தில் எழும்பிய கப்பல்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு எதிர்ச் சுவரில்தான் டிவி இருக்கிறது. இப்போதெல்லாம் அதில் வானம் ஓடுகிறது. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பினால் எதிரே நட்சத்திரங்கள் நிற்கும். கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் கும்பிடுவது என்றே தெரியாது.

பினாங்கில் வேலை செய்யும் என் மகள்தான் டிவியில் மாட்டி ஆடும் தன்னுடைய வீடியோ விளையாட்டுப் பெட்டியை அப்பாவுக்காக மெர்போக்கில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஆண்டவன் புண்ணியத்தில் பேச்சு திரும்பியது, காலும் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. வேலை கொடுக்காமல் விட்டால் விரல்கள் அப்படியே மடங்கிப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அவர் அதைத் தொடவே மாட்டார். "நான் என்ன கைக்குழந்தையா?" என்பார். விளையாட்டு என்றால் மட்டும் உட்காருவார்.

ஆள் இல்லாத ஒரு கிரகத்தில் கப்பல் இறங்கும். வெளியே நடந்து சிவப்புச் செடிகளை வெட்டிச் சேர்த்தால் அதுதான் கப்பலுக்கு எண்ணெய். திரையின் மூலையில் ஒரு கோடு இருக்கிறதே, அது நம் மூச்சுக் காற்று. அது தீர்வதற்குள் திரும்பிவிட வேண்டும். நடப்பது என் வேலை, கப்பல் ஓட்டுவது அவர் வேலை. ஊதாப் புல்லில் நான் நடப்பேன். எங்கள் ஊர் ஜெராய் மலையில் மேகம் இறங்கி நிற்குமே, அதுபோல அங்கேயும் ஒரு மேகம் தரையோடு படுத்திருக்கும். முருகா என்று சொல்லாமல் ஒரு செடியையும் வெட்டியதில்லை. எல்லாம் யாரோ வரைந்ததுதான் என்று மகள் சொல்வாள். வரைகிற கையைக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறானே!

கப்பலை எழுப்ப, இரண்டு கையாலும் பிடிக்கிற கைப்பிடியில் வலது பக்கப் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு வட்டம் மெல்ல நிறையும். முழுதாக நிறைந்தால்தான் கிளம்பும், நடுவில் விட்டால் வட்டம் காலி. இடது கை திசையைப் பிடித்திருக்கும், அதனால் ஏமாற்றவும் வழியில்லை. பாதி வட்டத்திலேயே அவர் கட்டைவிரல் நடுங்கி நழுவிவிடும். உடனே என் விரலை அதன்மேல் வைத்து அமுக்கிவிடுவேன்.

"நீங்களே அமுக்குனா அப்பா கை எப்ப லா வரும்?" என்று மகள் கோபித்துக்கொள்வாள்.

"அவரு மொகத்தப் பாருடி, பாவமா இல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளும் இருந்தாள். வெளியே மழை. திரையில் பனிக் கிரகம். தானாக ஒளிவிடும் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டே நான் தூரமாகப் போய்விட்டேன். புயல் வருகிறது என்று திரை சிவந்தது. ஓடி வந்து கப்பலில் ஏறினேன். அந்தப் புயலில் கப்பலுக்குள் இருந்தாலும் குளிர் ஏற ஏற மூச்சுக் கோடு குறைந்துகொண்டே போகும். கோடு தீர்ந்தால் உயிர் போய்விடும், சேர்த்ததெல்லாம் போய்விடும்.

"கெளப்புங்கப்பா, சீக்கிரம்!" என்று மகள் கத்தினாள்.

கைப்பிடியை அவர் கையில் கொடுத்தேன். அமுக்கினார். பாதி வட்டம் வந்து நழுவியது. வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ராகு காலம்ங்க. முடியட்டும், அப்புறம் எழும்பலாம்."

அந்த நேரத்தில் புதுப் புடவைகூடக் கட்டாதவள் நான். கப்பலை எப்படிக் கிளப்புவேன்?

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா! அந்தக் கெரகத்துல ஏதும்மா ராகு காலம்? அங்க ரெண்டு சூரியன் லா!"

"ரெண்டு சூரியன்னா ரெண்டு ராகு காலம். வாய மூடு."

"ஒங்கம்மா நம்மள குளிர்ல சாகவுட்டு, நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போடுவா," என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி அமுக்கினார்.

கால் வட்டம். அரை வட்டம். விரல் நடுங்க ஆரம்பித்தது. என் கை தானாக எழுந்தது, மடியில் போட்டு அழுத்திக்கொண்டேன். சரவணபவ என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் நகம் வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. முக்கால் வட்டத்தில் விரல் சரிந்தது. நழுவப் போகிறது என்று நினைத்தேன். நழுவவில்லை. வட்டம் மூடியது.

கப்பல் எழும்பியது. பனி கீழே போனது, சத்தம் கீழே போனது. பிறகு ஒன்றுமே இல்லை, நட்சத்திரங்கள் மட்டும், மெதுவாக, எங்கள் வீட்டுச் சுவரே நகர்கிற மாதிரி.

"அப்பா, விட்டுடலாம். கெளம்பிடுச்சி."

அவர் விடவில்லை. விறைத்துப் போயிற்றோ என்று விரலைத் தொடப் போனேன்.

"தொடாத. நானே எடுக்குறேன்."

எடுத்தார். ரொம்ப மெதுவாக. எடுத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் மிதந்த ஒரு பச்சைக் கிரகத்தைத் தாடையால் காட்டினார்.

"அங்க எறக்குறேன். நீ செடி வெட்டிட்டு வா. கெளப்புறது என் பாடு."