பதிவேட்டில் அஸ்லாக்கின் பெயர்

அஸ்லாக் பிரெக்கே, ராண்டி என்ற விதவைக்கு அறுபது டாலர் கடன்பட்டிருந்தார். ஒரு ஜோடி உழவு மாட்டின் விலை அது. மினசோட்டாவில் இந்த ஆற்றங்கரையில் குடியேறிய நார்வேக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்ளவும் எல்லோருக்கும் தெரியும். அந்த அறுபது டாலரில்தான் போதகர் எய்லர்ட் நேஸ்விக்கின் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

இந்தக் கரையில் யாரும் பெட்டி நிறையப் பணத்தோடு வந்து இறங்கவில்லை. புல்வெளியைக் கீறி, வேரைப் பிடுங்கி, மேட்டைக் குடைந்து மண்ணுக்குள் குடியிருந்து, பத்தே வருஷத்தில் கோதுமையை வண்டி வண்டியாக விற்றவர்கள் இந்த ஜனங்கள். ஐந்து குளிர்காலத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர் ஒருவருமில்லை. கையெழுத்துக்குப் பதில் குறி போட்ட கைகள்தான் கோவிலையும் கட்டின, பாலத்தையும் போட்டன. நெஞ்சை நிமிர்த்தித்தான் இதைச் சொல்ல வேண்டும். அதே ஜனங்கள் தங்கள் போதகருக்குச் செய்ததையும் அதே வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

எய்லர்டும் இவர்களைப் போன்றவர்தான். நார்வேயின் தெலமார்க் பகுதியில் இன்னொருவர் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டு, வாடகைக்குப் பதில் உடல் உழைப்பைக் கொடுத்த குடும்பம். அவர் மிஷன் பள்ளியில் சேர்ந்தது ஆப்பிரிக்காவுக்குப் போகத்தான். கப்பலுக்குக் காத்திருந்தபோது அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் நம் ஆட்களே மேய்ப்பன் இல்லாமல் கிடக்கிறார்கள், அங்கே போ என்றார்கள். போனார். ஐந்து குடியிருப்புகள், ஒன்றுக்கொன்று ஒரு நாள் நடை. அப்பமும் திராட்சரசமும் பரிமாறும் இராப்போஜனப் பாத்திரங்களை மாவுப் பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். களஞ்சியத்தில் பிரசங்கம் செய்வார், பால் வாளியில் தண்ணீர் எடுத்து ஞானஸ்நானம் கொடுப்பார், பனி இறுகிய நிலத்தில் தானே கடப்பாரை போட்டுக் குழி தோண்டி அடக்கம் செய்வார். தன் மூத்த மகனுக்கும் அவரே தோண்டினார்.

சபை கூடி அவரை அழைத்தபோது வருஷத்துக்கு எழுபது டாலர் சம்பளம், விறகு, வைக்கோல் என்று தாளில் எழுதினார்கள். பணத்தை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. எய்லர்டுக்குக் காசைப் பற்றிப் பேசக் கூச்சம். "அஸ்லாக் வீட்டுல இரும்புப் பெட்டி இருக்குல்ல, அவரே பொருளாளரா இருக்கட்டும்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். அந்தப் பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டு வருஷம் ஒழுங்காகவே வந்தது. மூன்றாம் வருஷம்தான் மாட்டு விவகாரம்.

கிணறு சரிந்து ராண்டியின் புருஷன் செத்த வசந்தத்தில், உழ ஆளில்லாமல் அவள் மாடுகளை அஸ்லாக்குக்கு விற்றாள். அறுவடை முடிந்ததும் பணம் என்று வாய்ப்பேச்சு. அறுவடை முடிந்தது. பணம் வரவில்லை. அடுத்த அறுவடையும் முடிந்தது.

இராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை, பங்குபெற விரும்புகிறவர்கள் போதகர் வீட்டுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பகை உண்டா, தீராத வழக்கு உண்டா என்று போதகர் கேட்பார். இருந்தால், தீர்த்துவிட்டு வா என்பார். பகை இல்லாவிட்டால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். பழைய நாட்டிலிருந்து, உடம்பில் போட்ட கோட்டைப் போலவே இந்த வழக்கத்தையும் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்.

அஸ்லாக் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். மண்வீட்டுக் கூரை அவர் தலையை இடித்தது.

"எழுதிக்கோங்க ஐயா. நான், என் பொண்டாட்டி, பெரிய பையன்."

"உங்க வீட்டம்மாவையும் பையனையும் எழுதிட்டேன். உங்க பேரு நிக்குது."

"நிக்குதா? உக்காரச் சொல்லுங்க."

எய்லர்ட் சிரிக்கவில்லை. "ராண்டி பணம் என்னாச்சு?"

"அதுல ஒரு மாடு மார்ச் மாசம் செத்துப்போச்சு. செத்த மாட்டுக்கு எவனாவது காசு குடுப்பானா?"

"நீங்க வாங்கினது மே மாசம். உழுதீங்க, அறுத்தீங்க, குளிரு பூரா மரம் இழுத்தீங்க. அதுக்கப்புறம்தானே செத்துது?"

"சாகணும்னு முடிவோட இருந்த மாட்டை என் தலையில கட்டிட்டா அவ."

"அவ பணத்தைக் குடுத்துட்டு வாங்க. இந்தப் பேனா இங்கேயேதான் இருக்கும்."

அஸ்லாக் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். ஒன்றுமில்லாமல் வந்து முன்னூறு ஏக்கரைத் தன்னுடையதாக்கிய கைகள். "ஐயா, பழைய நாட்டுல போதகருக்கு ராஜா சம்பளம் குடுப்பாரு. யாரை வேணாலும் வாசல்ல நிக்க வைக்கலாம். இங்க குடுக்கிறது யாரு?"

"சபை."

"சபைப் பணம் எங்க இருக்கு?"

எய்லர்ட் பதிவேட்டை மூடினார். அஸ்லாக் தலையைக் குனிந்து வெளியே போனார். கூரைக்காக மட்டும் குனிந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் எல்லோரும் தங்கள் பங்கைக் கொண்டுபோய் அஸ்லாக்கிடம் கொடுத்தார்கள். எய்லர்ட் சம்பளம் கேட்டுப் போனபோது அஸ்லாக் மிகவும் வருத்தப்பட்டார். "பெட்டிச் சாவியைக் காணோம் ஐயா. வீட்டையே தலைகீழாப் பொரட்டியாச்சு. இரும்புப் பெட்டியாச்சே, ஒடைக்கவா முடியும்?" பின்னால் அவர் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

சபையார் ஏன் வாய் திறக்கவில்லை? பாதிப் பேர் அஸ்லாக்கிடம் விதை கடன் வாங்கியவர்கள். கதிரடிக்கும் இயந்திரம் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பக்கத்து நிலத்துத் தாரால்ட் ஒரு மாலை அரைச் சாக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வாசலில் போட்டான்.

"நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க ஐயா. வியாழக்கிழமை எனக்கு மிஷினு வரணும்."

"உருளைக்கிழங்கு தானே நடந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன் தாரால்ட்."

தாரால்ட் சிரித்தான். அடுத்த ஞாயிறு கோவிலில் அவர் கண்ணைப் பார்க்காமல் இருந்தான்.

பெந்தெகொஸ்தே பண்டிகை வந்தது. பெரிய பண்டிகை நாட்களில் சபையார் வரிசையாக எழுந்து, பலிபீடத்தைச் சுற்றி நடந்து, போதகருக்கென்று காணிக்கை வைப்பார்கள். யார் என்ன வைக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம்; அதற்காகவே சிலர் வெள்ளிக்காசு மாற்றிக்கொண்டு வருவார்கள். எப்போதும் முதலில் எழுவது அஸ்லாக். அன்றைக்குப் பாட்டுத் தலைவர் காணிக்கைப் பாட்டைத் தொடங்கினார். அஸ்லாக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வரிசை அவரைப் பார்த்தது, மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையைப் பார்த்தது. பாட்டு முடிந்துவிட்டது. பாட்டுத் தலைவர் செய்வதறியாமல் மறுபடி முதலடியிலிருந்து தொடங்கினார். எய்லர்ட் முதுகைக் காட்டி பலிபீடத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து மரச்செருப்புச் சத்தம் கேட்டது. ராண்டி. அந்த நீளமான கோவிலில் அவள் ஒருத்தியே நடந்து, பலிபீடத்தைச் சுற்றி, ஐந்து சென்ட் காசு ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லோரும் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தில் கண்ணைப் புதைத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது.

அடுத்த இலையுதிர்காலத்தில் சம்பளப் பாக்கி நூற்று நாற்பதாக ஏறியிருந்தது. எய்லர்டின் நான்கு வயது மகள் சிக்னே இரும ஆரம்பித்தாள். மண்தரை எப்போதும் ஈரம். மூத்தவன் படுத்துச் செத்த மூலையிலேதான் அவளும் படுத்தாள். நகரத்து வைத்தியர் குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: பலகைத் தளம், இரும்பு அடுப்பு, பனி விழுவதற்குள். மரவாடிக்காரனிடமும் கடைக்காரனிடமும் விலை கேட்டாள் எய்லர்டின் மனைவி குன்ஹில்ட். இரண்டும் சேர்ந்து தொண்ணூற்றைந்து டாலர்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன்" என்றாள், வாற்கோதுமைக் கஞ்சியைக் கிண்டியபடி. "கடவுளோட பந்தியில அஸ்லாக்கும் ஒரு ஓரமா உக்காந்தா கடவுளுக்கு என்ன நஷ்டம்?"

"கடவுளுக்கு நஷ்டமில்ல. ராண்டிக்குத்தான்."

"உங்க பதிவேட்டால ராண்டிக்கு இதுவரைக்கும் ஒரு சென்ட் வந்துச்சா?"

வரவில்லைதான். எய்லர்ட் கஞ்சியைக் குடித்தார்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை, பெயர் கொடுக்கும் நாள். ராண்டி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, அஸ்லாக் அண்ணன் பணத்தைக் குடுத்துட்டாரு."

எய்லர்ட் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப?"

"போன வாரம்."

"முழுசாவா?"

"ஆமா. எங்களுக்குள்ள இப்ப ஒண்ணுமில்ல. அவர் பேரை எழுதிக்கோங்க."

அவளுடைய மரச்செருப்பு பிளந்து கயிற்றால் கட்டியிருந்தது. அறுபது டாலர் வந்த வீட்டுச் செருப்பு அல்ல அது. மூலையில் சிக்னே இருமினாள், நெடுநேரம் இருமினாள். ராண்டி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி போதகரைப் பார்த்தாள். குன்ஹில்ட் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ராண்டி, நீ என்கிட்ட சொல்றது கடவுளுக்கு முன்னால சொல்றது."

"தெரியும் ஐயா. எழுதுங்க."

அவர் எழுதினார். அஸ்லாக் பிரெக்கே. எழுதும்போது கை நடுங்கவில்லை. பிற்காலத்தில் அவரால் தாங்க முடியாமல் போனது அதுதான், நடுங்காத கை.

ஞாயிற்றுக்கிழமை அஸ்லாக் புதுக் கோட்டில் வந்து முதல் ஆளாக முழந்தாளிட்டார். எய்லர்ட் அப்பத்தை அவர் நாக்கில் வைத்தார். அஸ்லாக் அதை மென்று விழுங்கினார், உடம்பில் ஒரு முடி அசையாமல்.

திங்கட்கிழமை காலையிலேயே அஸ்லாக்கின் வண்டி வாசலில் நின்றது.

"சாவி கெடைச்சுது ஐயா! ஓட்ஸ் தொட்டிக்குள்ள விழுந்து கெடந்திருக்கு. குதிரைதான் கண்டுபுடிச்சுது." தோல்பையை மேசையில் கவிழ்த்தார். "நூத்திப் பன்னெண்டு."

"நூத்தி நாப்பதுல்ல?"

"வைக்கோல் நாலு சுமை அதிகமாப் போயிருக்கு. அப்புறம் ஆலங்கட்டி மழையில ஒடஞ்ச கோவில் ஜன்னல். அது உங்க வீட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னல்தானே?" சொல்லிவிட்டு எய்லர்டின் தோளில் தட்டினார். "சண்டையெல்லாம் முடிஞ்சுது. நல்ல பிரசங்கம் ஐயா, நேத்து."

வண்டி போனதும் குன்ஹில்ட் மேசைக்கு வந்தாள். தொண்ணூற்றைந்தைத் தனியாக எடுத்துவைக்கக் கையை நீட்டினாள். அதற்குள் எய்லர்ட் அறுபதை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"எழுதினதை உண்மையாக்கிட்டு வர்றேன்."

"அது அஸ்லாக் கடன்."

"எழுதினது நான்."

குன்ஹில்ட் மேசையில் மிஞ்சியதைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. தளமா அடுப்பா, ஏதாவது ஒன்று. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்ப உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு என் பிள்ளை ஈரத்துல கெடக்கணும்."

அவர் நின்றார்.

"போங்க, போங்க. அடுப்பு வாங்கிக்கலாம். தரைக்கு உங்க பதிவேட்டைக் கிழிச்சு விரிச்சுக்கிறேன்."

அந்தக் குளிர்காலத்தைச் சிக்னே தாண்டினாள். அடுத்ததைத் தாண்டவில்லை. எய்லர்ட் அதற்குப் பிறகும் இருபத்தாறு வருஷம் இந்தக் கரையில் ஊழியம் செய்தார். அஸ்லாக்கை அடக்கம் செய்ததும் அவரே. அந்தக் கல்தான் இன்றும் கல்லறைத் தோட்டத்தில் பெரியது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் குன்ஹில்ட் ஒருதரம்கூட இராப்போஜனத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று அவளைக் கேட்க வேண்டியவர் எய்லர்ட்தான். அவர் கேட்கவுமில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் ராண்டியின் குடிசைக்கு நடந்து போனபோது அவள் வாசலில் டர்னிப் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பணத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அஸ்லாக் அண்ணன் குடுத்துவிட்டாரா?"

"உன் பணம் ராண்டி. மாட்டுப் பணம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் ஐயா. அந்தப் பிள்ளைக்காகத்தான் வாய் கூசாமப் பொய் சொன்னேன். இதை வாங்கிட்டா நான் எதுக்குப் பொய் சொன்னேன்?"

"வாங்கலேன்னா, நான் எதுக்கு எழுதினேன்?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அங்கே மூன்று பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவுப் பீப்பாயின் மூடி திறந்திருந்தது, அடி தெரிந்தது.

"வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

அவர் பணத்தை நீட்டியபடியே நின்றார். ராண்டி கையைப் பாவாடையில் துடைத்தாள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். துடைக்க ஒன்றுமில்லாமல் போனபின் கையை நீட்டி விரித்தாள். எய்லர்ட் ஒவ்வொன்றாக எண்ணி, அறுபது டாலரையும் அந்த உள்ளங்கையில் வைத்தார்.