ஒரு குடத்துக்கு ஒரு பார்வை

அறுபதுகளின் கடைசியில் துறைமுக வாசலில் லாரியோடு காத்துக் கிடந்தவர்களில் நாங்கள் நாலு பேர் சொந்த வண்டிக்காரர்கள். ஆளுக்கு ஒரே வண்டி. கப்பலில் எது வந்தாலும் நீயா நானா என்று போட்டி போட்டு வாடகை பேசுவோம். ஒருநாள் கிளியரிங் ஏஜெண்ட் வெளியே வந்து, "ஹிப்போ ஒண்ணு இறங்கியிருக்கு. திருவொற்றியூர் சர்க்கஸ் கூடாரத்துக்குப் போகணும்" என்றார்.

"இப்போ இன்னா எறங்கிகீது, அத்த சொல்லு நைனா" என்றார் இரும்பு ஏற்றும் பெரிய வண்டிக்காரர்.

"நீர்யானைப்பா!"

யானை என்றதும் மற்ற மூவரும் சங்கிலிக்கும் பலகைக்கும் சேர்த்து வாடகை சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கென்னவோ அந்த 'நீர்'தான் காதில் நின்றது. "தண்ணி எதுக்குங்க?" என்று கேட்டேன். தோல் காய்ந்தால் வெடித்துவிடும், வழி முழுக்க நனைந்தே இருக்க வேண்டும், உயிரோடு சேர்த்தால்தான் வாடகை என்றார் ஏஜெண்ட்.

என்னுடையது மீன் வண்டி. ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஒழுகாமலிருக்க உள்ளே தகரம் அடித்திருந்தேன். கழுவிவிட அதில் வைத்திருந்த ஓட்டையை அடைத்துவிட்டால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

"கவுச்சி வண்டில ஏத்துனா அது மூக்கப் பொத்திக்கினு கப்பலுக்கே திரும்பிடும் மாமு" என்று பெரிய வண்டிக்காரர் சிரித்தார். ஆனாலும் லோடு எனக்குத்தான் கிடைத்தது.

ஓட்டையை அடைத்து, தண்ணீர் நிரப்பிக் கூண்டை ஏற்றினோம். உள்ளே இருந்தது குட்டி. எருமைக்கன்று அளவுதான். படுத்துக்கொண்டதும் தண்ணீருக்கு மேலே கண்ணும் காதும் மட்டும் தெரிந்தன. மாதாவை வேண்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குலுங்கலில் அடைப்பான் கழன்று எங்கோ விழுந்திருந்தது. ஓட்டையில் துண்டைத் திணித்துவிட்டு ஏறிப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. உச்சி வெயில். குட்டியின் முதுகு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தண்டவாளத்தில் கூட்ஸ் ரயில் அசையாமல் நின்றது.

ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். கேட் திறக்கவில்லை. தெருக்குழாய் வரிசையில் நின்று நிரப்பிய குடமும் சொம்புமாக ஒரு பெண்தான் வந்தாள்.

"இன்னா அண்ணாத்தே உள்ள, கொறட்ட வுட்டுகினு கீது?"

"நீர்யானைம்மா. தண்ணி இல்லாட்டி செத்துடும்."

"நாங்க மட்டும் இன்னாவாம்? காத்தாலேந்து இதுக்கோசரம்தான் நிக்கறோம்."

அந்தக் குழாயில் ஒரு வேளைதான் தண்ணீர் வரும். அது தெரிந்ததால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே டயரில் கால்வைத்து ஏறிப் பார்த்தாள். "அடியே, இது மூஞ்சிய வந்து பாருங்கடி!" என்று கத்திக்கொண்டே தன் குடத்தைக் கவிழ்த்தாள். குடம் நிரம்ப நிரம்ப வரிசையே வண்டிக்கு வந்துவிட்டது. பார்க்க ஏறியவள் ஒருத்தியும் குடத்தைக் கவிழ்க்காமல் இறங்கவில்லை. வேறு லோடோடு பின்னால் நின்ற பெரிய வண்டிக்காரர்கூட ரேடியேட்டருக்கு வைத்திருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சும்மா பாத்துக்கினு போலாம்னு" என்றார்.

கேட்டைத் திறக்கச் சொல்லித்தான் ஜெபித்தேன். மாதாவிடம் குடத்தைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கூடாரத்தில் சர்க்கஸ்காரர் குட்டியின் முதுகைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். கூண்டை இறக்கிய பிறகு தகரத்தின் மூலையில் ஒரு பித்தளைச் சொம்பு கிடந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயடிக்குப் போனேன். முதலில் வந்த பெண்ணுடையதுதான். நான் நீட்டிய சொம்பை அவள் பார்க்கக்கூட இல்லை.

"ராத்திரி அது இன்னா துன்னுச்சு?" என்று கேட்டாள்.